ஓலைப்பெட்டி: எழுப்புதல் கூட்டம் போட்டோம், யாரும் எழும்பவில்லையே!

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கிராமத்துச் சபை ஊழியர் ஒருவர் பதில் சொல்கிறார்)

போன மாதம் ஒரு பதிலில், "எங்கள் ஊருக்கு எழுப்புதல் வந்தது ஒரு அஞ்சு கிலோ படிக்கல்லோடு" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். (எழுப்புதல் என்றால், தூங்கிக் கிடக்கிற சபையில் பக்தி மறுபடி உயிர்பெற்று எழும்புவது.) அது வினையாகிவிட்டது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த எடைக்கல்லைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் பெட்டியிலிருந்து எழுப்புதல் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். கல்லறைத் தோட்டத்து வேலித் தகராறு பற்றிக் கேட்டவர் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும். கல்லறையில் இருப்பவர்களுக்கு அவசரமில்லை.

எங்கள் சபையில் 52 குடும்பங்கள். இந்தச் சித்திரையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்தினோம். பந்தல், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், வெளியூர்ப் பிரசங்கியார், பாட்டுக் குழு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செலவு. மூன்று நாளும் நல்ல கூட்டம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஞாயிறு ஆராதனைக்கு வழக்கம்போல முப்பது பேர்தான். போன தேர்தலுக்குப் பிறகு கீழத்தெருக்காரர்கள் கோவிலுக்கு வருவதில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. எங்கே தவறினோம்?
– சபைப் பொருளாளர், சாத்தான்குளம் பக்கம்

தம்பி, உங்கள் கடிதம் இரண்டு முழுப் பக்கம். இடம் போதாமல் சுருக்கிப் போட்டிருக்கிறேன். மூலத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கே ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். கீழத்தெருவுக்கு ஒரே வரி. அதுவும் போகிற போக்கில். பொருளாளர் கணக்குத்தான் எழுதுவார், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை.

தேர்தலில் தோற்ற தெரு கோவிலுக்கு வரவில்லை. ஜெயித்த தெரு எழுப்புதல் கூட்டம் நடத்தியது. நோட்டீஸை யார் கொண்டுபோய்க் கொடுத்தது? நீங்களா, பேப்பர் போடுகிற பையனா? நீங்களே போயிருந்தால் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்தீர்களா, தெருவில் பைக்கை நிறுத்தாமலே நீட்டினீர்களா? இதெல்லாம் சில்லறை விசாரணை என்று தோன்றும். கிராமத்துச் சபையில் சில்லறைதான் எல்லாம். பட்டணத்துச் சபையில் பிடிக்காதவன் முகத்தைப் பார்க்காமலே சாகும்வரை கோவிலுக்கு வந்துபோகலாம். 52 குடும்பத்தில் அது முடியாது. அதே குழாயடி, அதே ரேஷன் கடை, அதே கல்யாண வீட்டுப் பந்தி.

கூட்டமே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் தொடங்கிய மாராமன் கன்வென்ஷன் இன்றும் நடக்கிறது, அதில் திருந்தினவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பந்தலுக்கு முன்னால் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் என்று ஒரு தீவு. அங்கே பார்வஸ் என்கிற கிராமத்தில் 1949இல் எழுப்புதல் வந்தது. பிரசங்கித்தவர் டங்கன் காம்பெல். பெயர் வாங்கியவரும் அவர்தான். ஆனால் அவர் அந்தத் தீவில் கால் வைப்பதற்கு எத்தனையோ நாள் முன்பிருந்தே இரண்டு கிழவிகள் குடிசையில் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். அக்காள் தங்கைகள். பெக்கிக்கு 84 வயது, கண் தெரியாது. கிறிஸ்டினுக்கு 82, மூட்டெல்லாம் முடங்கிப்போனவர். அவர்களுக்கு ஜெனரேட்டர் தேவைப்படவில்லை.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கிழவி இருப்பார். யாரென்று தேடிப் பாருங்கள். அவர் கீழத்தெருவிலேயே இருந்தாலும் இருப்பார்.

நான் இந்து. பக்கத்து காம்பவுண்டில் மாதம் ஒரு "எழுப்புதல் இரவு" நடத்துகிறார்கள். உண்மையிலேயே எங்கள் வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிடுகிறார்கள், கைக்குழந்தை உட்பட. சொன்னால் மதப் பிரச்சினை ஆகிவிடுமோ என்று பயம்.
– ஒரு தாத்தா, திசையன்விளை

ஐயா, சிரித்துவிட்டு வெட்கப்பட்டேன். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. அது எங்கள் கோவிலுக்கும் உண்டு, உங்கள் கோயிலுக்கும் உண்டு, பள்ளிவாசலுக்கும் உண்டு. நீங்கள் போலீசுக்குப் போகுமுன் ஒரு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். அங்கே ஜெபிக்கிற பெண்களிலேயே நாலு பேர் எழுந்து வால்யூமைக் குறைப்பார்கள்.

படிக்கல் கதையை முழுசாகச் சொல்லுங்கள் ஐயா. எழுப்புதலுக்கும் எடைக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கல் இப்போது எங்கே?
– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, மெய்ஞ்ஞானபுரம் (இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து)

ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

1983. நான் அந்த ஊருக்கு மாற்றலாகிப் போய் நாலாவது வருஷம். செம்மண் தேரி ஓரத்தில் நாற்பத்து மூன்று குடும்பங்கள். மழை பொய்த்துக் கிணறெல்லாம் அடிமட்டம். ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் மெட்ராஸிலும் பம்பாயிலும் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் பனையேறினார்கள். கோவில் ஓட்டுக் கட்டடம். மணி ஒன்று, அதிலும் விரிசல், அடித்தால் தகரம் தட்டுகிற மாதிரி கேட்கும். ஞாயிறு ஆராதனைக்குப் பதினொன்று பேர் வருவார்கள், என் வீட்டு அஞ்சு பேரையும் சேர்த்து.

ஊருக்கு ஒரே கருப்பட்டி வியாபாரி. சபைக் கமிட்டியிலும் மூத்தவர் அவர்தான். பதநீர் இறங்கத் தொடங்குமுன் பனையேறிகளுக்கு முன்பணம் கொடுப்பார். வாங்கினவன் கருப்பட்டியை அவரிடம்தான் போட வேண்டும், அவர் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

ஓலைப்பெட்டி முடைகிற ஆச்சி ஒருவர் இருந்தார். எண்பது வயது இருக்கும். (இந்தப் பகுதியின் பெயர் அவர் நினைவாக வைத்ததுதான்.) ஒருநாள் வந்து, காலை நாலு மணிக்குக் கோவிலைத் திறந்து தரச் சொன்னார்.

"வீட்ல இருந்து ஜெபிச்சா ஆண்டவருக்குக் கேக்காதா ஆச்சி?" என்றேன்.

"அவருக்குக் கேக்கும்யா. எனக்குத்தான் கேக்க மாட்டேங்கு. மருமவ குறட்டை விடுதா."

நாலு மணிக்கு எழும்ப எனக்கு மனமில்லை. சாவியையே ஆச்சியிடம் கொடுத்துவிட்டேன். பக்தியினால் கொடுத்த சாவி இல்லை அது, சோம்பலினால் கொடுத்தது.

நாலைந்து மாதம் ஆச்சி தனியாகத்தான் இருந்தார். பிறகு விடிலிக்குப் பதநீர் காய்ச்சப் போகிற பெண்கள் இரண்டு பேர் போகிற வழியில் பத்து நிமிஷம் உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். ஜெபிக்க இல்லை. அவர்கள் வீட்டில் கரண்ட் கிடையாது, கோவிலில் டியூப்லைட் இருந்தது, பரீட்சைக்குப் படிக்க வந்தார்கள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு முணுமுணுப்பார், பையன்கள் பாட்டுக்குப் பூகோளம் படிப்பார்கள். சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த டியூப்லைட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள். பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்கால ஆராதனை. பத்தொன்பது பேர் இருந்தார்கள், அன்றைக்கு அது பெரிய கூட்டம். பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லாரும் சேர்ந்து சொல்கிற அந்த ஜெபத்தை வியாபாரி எப்போதும் மற்றவர்களைவிட ஒரு சுருதி மேலே சொல்வார். அன்று பாதியில் அவர் குரல் நின்றது. வரி தவறிவிட்டார் என்று நினைத்தேன். பார்த்தால் ஆளே இல்லை, வெளியே போய்விட்டார்.

நான் முடிவுப் பாட்டு அறிவிக்கும்போது திரும்பி வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் அஞ்சு கிலோ இரும்புப் படிக்கல். நேரே நடந்து வந்து பீடத்துக்கு முன்னால் படியில் வைத்தார். டொக்கென்று ஒரு சத்தம். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்தார். படிக்கல் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி முத்திரை குத்தியிருப்பார்கள். இந்தக் கல்லில் குழியைத் தாண்டி ஈயம் வழிந்து அரத்தால் ராவி மட்டமாக்கியிருந்தது.

"நூத்தம்பது கிராம் கூட இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. கல்லில் கனம் கூடினால் அவருக்கு நஷ்டம்தானே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். விற்கிறவனுக்குத்தான் அது நஷ்டம், வாங்குகிறவனுக்கு லாபம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பனையேறிக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"எத்தனை வருசமா?"

"எட்டு."

அந்த மனிதர் எழுந்து வெளியே போனார். அரிவாளோடு வரப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அரை மணி நேரத்தில் கோவில் நிறைந்துவிட்டது. என் ஊழிய காலத்தில் அந்தக் கோவில் நிறைந்து அன்றுதான் முதலில் பார்க்கிறேன், அத்தனை பேரும் சண்டை போட வந்தவர்கள். எழுப்புதலைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அது கோபத்தோடு வரும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சத்தம், வசை, ஒரு பெண் மண்ணை வாரி அவர் மேல் எறிந்தார். வியாபாரி நகரவே இல்லை. ஏமாற்றி வாங்கினதைத் திருப்பித் தருவதாகச் சொன்ன வரி வசூல்காரன், லூக்கா 19ஆம் அதிகாரத்துச் சகேயுவைப் பற்றி எனக்கு எட்டுப் பிரசங்கக் குறிப்பு இருந்தது. அன்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

பத்து மணி போல இருக்கும். கணக்குப் பார்க்க நோட்டை எடுத்து வரச் சொன்னார்கள். வருஷத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பத்தாம் வகுப்புப் பையன்கள்தான் பெருக்கிச் சொன்னார்கள். ஒரு பனையேறியின் முறை வந்தது. அவர் எழுந்து, "எனக்கு வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் பாகுல சீனி கலந்து ஊத்தினேன், ரெண்டு வருசமா. அவரு கல்லுல ஏமாத்தினாரு, நான் சிரட்டையில ஏமாத்தினேன், சரியாப் போச்சு" என்றார். கோவில் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் ஏதோ உடைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக. எல்லைக் கல்லை ஒரு முழம் நகர்த்தி வைத்தவர். செத்துப்போன அண்ணனோடு பதினொரு வருஷம் பேசாமல் இருந்ததைச் சொல்லி, இனி யாரிடம் போய்ப் பேச என்று கேட்டு அழுத ஒரு தம்பி. ஆச்சி தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு எழும்புகிறவர், ராத்திரி முழிக்க முடியாது.

வியாபாரி தன் விளைநிலத்தில் பாதியை விற்றார். மூன்று வருஷத்தில் நோட்டில் இருந்த கடைசிப் பெயர் வரைக்கும் அடித்துவிட்டார்.

இனி என் பங்கு. அந்தப் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள். பட்டினி கிடக்கிற வீட்டிலும் அந்த ஒரு பிடி இருக்கும். அந்த அரிசி என் வீட்டுத் தகர டிரம்மில்தான் சேரும், மாதக் கடைசியில் விற்று சபைக் கணக்கில் வைப்போம். சம்பளம் பிந்துகிற மாதங்களில் அதிலிருந்து இரண்டு படி, மூன்று படி எடுத்திருந்தேன். கடன் என்று மனசுக்குள் எழுதிக்கொள்வேன், திருப்பி வைத்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஊரே பேசியபோது நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது நாள் ஆயிற்று. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் பிரசங்கித்துவிட்டு, அன்று சாயங்காலம் கமிட்டியில் சொன்னேன்.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. வெளியே திண்ணையில் ஓலை முடைந்துகொண்டிருந்த ஆச்சிதான் சொன்னார்: "தெரியும்யா. சின்னப் பிள்ளைக இருக்கிற வீடுன்னு நாங்க அப்பப்ப ஒரு பிடி கூடத்தான் போட்டோம்."

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த வருஷம் ஆடி வரைக்கும் நாலு மணிக்கு மணி அடித்தது. பனையேறுகிறவர்கள் தேரிக்குப் போகுமுன் வருவார்கள், அருவாப்பெட்டியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு. ஒரு நாள் எண்ணினேன், இருபத்தாறு பெட்டி வரிசையாக இருந்தது. உள்ளே சுண்ணாம்பும் பதநீரும் கலந்த வாடை. பாட்டு ஒன்று, ஜெபம் ஒன்று, பத்து நிமிஷம், கிளம்பிவிடுவார்கள். பொழுது புலர்ந்தால் பதநீர் புளித்துவிடும். இரண்டு குடும்பம் கடைசிவரை வரவில்லை. அதில் ஒரு குடும்பம், "எட்டு வருசம் திருடினவன் ஒரு நாள் அழுதா சரியாப் போச்சா?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

எத்தனை நாள் நின்றது என்று இன்னொரு கடிதம் கேட்கிறது. சுமார் மூன்று வருஷம். அதன்பின் இளவட்டங்களில் சிலர் நகை போடுகிறவர்களுக்கு ஆவி இல்லை என்று பேச ஆரம்பித்தார்கள். நான் பொறுமையாகப் பேசியிருக்கலாம். பீடத்தில் நின்று குத்திப் பேசினேன். ஆறு குடும்பம் பிரிந்து போய் வடக்கே ஒரு கொட்டகை போட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

படிக்கல் கோவிலில்தான் இருக்கிறது. ஆடிக் காற்றில் உடுப்பறைக் கதவு படார் படாரென்று அடிக்கும். அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அழுவது, விழுவது, கற்காத மொழியில் அந்நிய பாஷை பேசுவது எல்லாம் பெந்தெகொஸ்தேக்காரர்கள் சமாச்சாரம், திருநெல்வேலித் திருச்சபைக்கு ஒத்துவராது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– கல்லூரி மாணவி, நாசரேத்

பெரியவர்களை மரியாதையோடு உட்காரவைத்து 1860ஐப் பற்றிக் கேள் மகளே.

யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் என்று ஒருவர். 1810இல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பல் வைத்தியத்தை விட்டுவிட்டு மிஷனெரியாக வந்த ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸோடு பழகி, சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்று முடிவெடுத்தவர். வெள்ளைக்காரர் சம்பளம் தர முன்வந்தும் வேண்டாம் என்ற தமிழர், அந்தக் காலத்தில்! கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கி அங்கே விசுவாசிகளை வைத்து நடத்தினார். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் எழுப்புதல் என்ற செய்தி அவர் காதுக்கு வந்தது. 1860இல் அவருடைய ஆட்கள் நடுவிலேயே அது கண்டது. அழுகை, நடுக்கம், தரையில் விழுதல், தரிசனம், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை எல்லாம் இருந்தது. அங்கிருந்து திருநெல்வேலிச் சபைகளுக்கும் பரவியது. மிஷனெரிகளில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். பெந்தெகொஸ்தே என்ற பெயரில் உலகத்தில் ஒரு சபைப் பிரிவு தோன்றுவதற்கு நாற்பது வருஷத்துக்கும் முன்னால் நடந்தது இது. 1905 அக்டோபரில் டோனாவூர்க் கோவிலிலும் பேசிக்கொண்டிருந்தவர் மேலே பேச முடியாமல் நிறுத்த, ஜனங்கள் தரையில் முகங்குப்புற விழுந்து ஜெபித்தார்கள். டோனாவூரைவிடத் திருநெல்வேலித் திருச்சபை வேறு எங்கே இருக்கிறது?

ஆனால் மறுபக்கமும் உண்டு, அதை உன் பெரியவர்கள் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். அருளப்பன் காலத்து நெருப்பு திருவிதாங்கூருக்கும் போனது. 1873 வாக்கில் அங்கே பெரிய எழுப்புதல். அதில் முன்னால் நின்றவர் யுஸ்துஸ் யோசேப்பு, வித்வான் குட்டி என்பார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861இல் கிறிஸ்தவரானவர். அருமையான கவி, அவர் எழுதிய மலையாளப் பாட்டுகளை அங்குள்ள சபைகள் இன்றும் பாடுகின்றன. அப்படிப்பட்டவர், 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்துவிட்டார். ஜனங்கள் நம்பினார்கள். 1881 வந்தது, போனது. அவர் நடத்திய கூட்டம் தனிக் கூட்டமாக ஒதுங்கிச் சிறுத்துப்போயிற்று. அழுததினால் அவர்கள் கெடவில்லை. அழுதவர்கள் சொன்னதையெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொண்டதில் கெட்டார்கள்.

நான் அழுகைக்குப் பயப்படுகிறவன் இல்லை. அழுதவர் மறுநாள் காலை யார் வீட்டுக்குப் போகிறார் என்று பார்ப்பேன்.

வேல்ஸ் தேசத்து எழுப்புதலில் குதிரைகளுக்கே பாஷை புரியாமல் போனதாகப் பிரசங்கியார் சொன்னார். கதையா, நிஜமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், உடன்குடி

1904இல் வேல்ஸில் நடந்த எழுப்புதலைப் பற்றி அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருவது அது. நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுக்கிற மட்டக்குதிரைகள் கெட்ட வார்த்தை கேட்டே பழகியவை. சுரங்கத்து ஆட்கள் மனம் திரும்பிக் கண்ணியமாகப் பேச ஆரம்பித்ததும், குதிரைகள் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காமல் நின்றுவிட்டனவாம். மாட்டுவண்டி ஓட்டின உன் தாத்தாவைக் கேட்டுப் பார், நம்புவார்.

ஆனால் குதிரையைச் சொல்கிற பிரசங்கியார்கள், அந்த எழுப்புதலில் முன்னால் நின்ற இவான் ராபர்ட்ஸைப் பற்றிப் பாதிதான் சொல்கிறார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த பையன். 26 வயதில் லௌகர் என்கிற ஊரில் தன் சொந்தச் சபையில் கூட்டத்தைத் தொடங்கினார். அந்த நெருப்பின் செய்தி கேட்டுத்தான் 1905இல் நம் மேகாலயாப் பக்கத்துக் காசி மலைகளிலும், புனே பக்கம் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் எழுப்புதல் கண்டது. ராபர்ட்ஸோ ஓய்வில்லாமல் அலைந்து, 1906இல் உடம்பும் மனசும் ஒடிந்து இங்கிலாந்தில் ஒரு வீட்டில் ஒதுங்கிவிட்டார். 1951 வரைக்கும் உயிரோடிருந்தார். பழையபடி மேடை ஏறவே இல்லை. அந்தப் பையனை ஒருவராவது கையைப் பிடித்துத் தூங்கப் போகச் சொல்லியிருக்கலாம்.

என் மாமியார் வாரம் இரண்டு உபவாச ஜெபம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம் போகிறார். ஊர் எழுப்புதலுக்காகக் கண்ணீர் விடுகிறார். வீட்டில் என்னோடு பேசி ஏழு மாதம் ஆகிறது.
– பெயர் வேண்டாம்

அம்மா, இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் வேதாகமத்துக்குள் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது சண்டைக்குத்தான் போகும். உபவாசம் முடிந்து வருகிறவருக்குச் சூடாகக் கஞ்சி வைத்துக்கொடுங்கள். எட்டாவது மாதம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர்க் கோவிலுக்குப் புது கோபுரம் கட்ட நிறையக் கொடுத்தோம். அசனத்துக்கு (ஊர்ச் சபை விருந்து) வருஷம் தவறாமல் குடும்பத்தோடு போகிறோம். அன்றைக்கு ஊர் கொள்ளாது. மறுநாள் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வயசாளிகள்தான். இப்படிப்பட்ட ஊருக்கு எழுப்புதல் வந்து என்ன ஆகப் போகிறது?
– வியாபாரி, சென்னை

கோபத்தில் எழுதின கேள்வி இல்லை, வருத்தத்தில் எழுதினது என்று தெரிகிறது. நான் சொன்ன அந்த ஊரும் இப்போது அப்படித்தான். பனையேற ஆள் இல்லை, விடிலிகள் இடிந்து கிடக்கின்றன. அசனத்தன்று தெரு முழுக்கக் கார் நிற்கும், பந்தியில் சோறும் கறியும் பரிமாறக் கை போதாது. போன வருஷம் அசனத்துக்குப் போய் நானும் இரண்டு பந்தி பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அசனத்தைக் குறை சொன்னால் என் நாக்கு எனக்கே துரோகம் செய்யும்.

"உமது ஜனங்கள் உம்மில் மகிழ்ந்திருக்கும்படி நீர் எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ?" என்று 85ஆம் சங்கீதத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. திரும்ப என்கிற வார்த்தையைப் பாருங்கள். ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஊர்தான் அப்படிக் கேட்க முடியும். பத்துப் பன்னிரண்டு பேர் என்று நீங்கள் எண்ணின கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை, நான் பதினொன்றில் தொடங்கினவன்.

ஒன்று கேட்கிறேன். அடுத்த அசனத்துக்கு இரண்டு நாள் முந்திப் போங்கள். கார்கள் வருமுன், பந்தல் போடுமுன். காலை நாலு மணிக்குக் கோவிலுக்கு வாருங்கள். எங்கள் ஊரில் ஆச்சி இறந்த பிறகு சாவி அவர் மருமகளிடம் இருந்தது, குறட்டை விட்டவரேதான். இப்போது அவருக்கும் எண்பது. உங்கள் ஊரிலும் யாரோ ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கும். தட்டினால் எடுத்துத் தருவார்கள்.